ஆற்றுணாவும் அருளும்

வழிப்பயணத்திற்கென்று கட்டி எடுத்துச் செல்லும் உணவுக்குப் பழந்தமிழில் ஆற்றுணா என்று பெயர். ஆறு என்பது வழியையும் உணா என்பது உணவையும் குறிக்க, இரண்டும் சேர்ந்து வழியுணவு என்று பொருள் தரும் இச்சொல், முன்றுறை அரையனார் இயற்றிய பழமொழி நானூற்றில் கல்வியின் பெருமையைச் சொல்லும் ஓரிடத்தில் வருகிறது. கற்றவர்களுக்கு எந்த நாடும் அயல்நாடு ஆவதில்லை, சென்ற இடமெல்லாம் அவர்களுடைய நாடே, ஆகவே அவர்கள் புறப்படும்போது சோறு கட்டிக்கொள்ள வேண்டுவதில்லை என்பது அப்பாடலின் கருத்து. கல்வியைப் பற்றிச் சொல்லப்பட்ட இக்கருத்தை இறைநம்பிக்கையின் மேல் வைத்துப் பார்த்தால் அது எளிதில் விடை காண முடியாத ஒரு சமய வினாவாக மாறிவிடுகிறது. இறைவன் வழித்துணையாக வருவான் என்று உறுதியாக நம்புகிற ஒருவர், புறப்படுவதற்கு முன் அரிசியையும் அடுப்பையும் போர்வையையும் எண்ணி எண்ணி எடுத்துவைப்பது அந்த நம்பிக்கையோடு முரண்படுகிறதா, அல்லது அவ்வாறு எடுத்துவைப்பதும் நம்பிக்கையின் ஒரு பகுதிதானா?

இந்த வினாவை நிறுத்தி எண்ணிப் பார்ப்பதற்கு வேப்பூர் பொருத்தமான ஊர். கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டைக்கும் தொழுதூருக்கும் இடையே, விருத்தாசலத்திலிருந்து சேலத்தை நோக்கிச் செல்லும் சாலை வந்து குறுக்கிடும் இடத்தில் அமைந்திருப்பதால் அதன் கூட்டுரோடு ஆண்டு முழுவதும் பயணிகளைக் கண்டுகொண்டே இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருவோர் ஒருபுறமிருக்க, கார்த்திகையிலும் மார்கழியிலும் கறுப்பு வேட்டி உடுத்து மாலையணிந்தவர்களின் வேன்களும், தைப்பூசத்தை ஒட்டிக் கிழக்கே வடலூருக்குச் செல்வோரும், கோடை விடுமுறையில் கூடாரத்தையும் எரிவாயு அடுப்பையும் ஏற்றிக்கொண்டு மேற்கே கல்வராயன் மலைக்கோ ஏற்காட்டுக்கோ செல்லும் குடும்பங்களும் இவ்விடத்தைக் கடந்தே போகிறார்கள். வேப்பூரிலிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ள விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. எளிதில் உடைகிற அகல்விளக்கையும் பொம்மையையும் தொலைதூரத்துக்கு அனுப்பத் தெரிந்த ஊர் என்பதால் மூட்டை கட்டும் கலை அதற்குப் புதிதன்று. அந்த ஊரே தேவாரத்தில் திருமுதுகுன்றம் என்று போற்றப்படுவது. வழிச்சுமையையும் நம்பிக்கையையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் தமிழ்ச் சமயக் கதைகளில் மிகச் சிறந்தது அங்கேதான் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது.

சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்து இறைவனைப் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்றார் என்பதும், அவ்வளவு பொன்னைத் திருவாரூருக்குக் கொண்டுசெல்லும் வழியை எண்ணி அதைத் திருவாரூரிலேயே தருமாறு இறைவனிடம் வேண்டினார் என்பதும், மணிமுத்தாற்றில் பொன்னை இட்டுவிட்டுத் திருவாரூர்த் திருக்குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு இறைவன் பணித்தான் என்பதும் அக்கதையின் சுருக்கம். இதில் பலரும் நினைவில் வைத்திருப்பது ஆற்றில் இட்டதைக் குளத்தில் எடுத்த அற்புதத்தை மட்டுமே. பெரியபுராணத்தை இயற்றிய சேக்கிழார் சொல்லும் மற்றொரு செய்தி இங்கே இன்னும் முக்கியமானது. பொன்னை ஆற்றில் இடுவதற்கு முன் சுந்தரர் அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். இதற்கு மச்சம் என்று பெயர். ஒரு பொன்னின் தரத்தைப் பிற்பாடு ஒப்பிட்டு அறிவதற்காக முன்கூட்டியே எடுத்துவைக்கும் மாதிரித் துண்டையே அச்சொல் குறிக்கிறது. திருவாரூர்க் குளத்திலிருந்து எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்று, அதாவது பொன்னின் தூய்மை அளவு, குறைந்திருந்தது என்றும், சுந்தரர் மீண்டும் பாடிய பின்னரே அது சரியாயிற்று என்றும் வரலாறு தொடர்கிறது. கமலாலயம் எனப்படும் அத்திருக்குளத்தின் கரையில் மாற்றுரைத்த விநாயகர் என்ற பெயரோடு ஒரு பிள்ளையார் இன்றும் வழிபடப்படுகிறார்.

ஆற்றில் போடச் சொன்னவன் இறைவன் என்று ஐயமறத் தெரிந்த பின்னரும் ஒரு துண்டை மாதிரிக்காக எடுத்துவைத்தவரை நம்பிக்கையற்றவர் என்று சைவ மரபு சொல்லவில்லை. அவருடைய வழி அச்சத்தையும் இறைவன் கடிந்துகொள்ளவில்லை. மாறாக, அந்த அச்சம் நீங்குவதற்குரிய ஏற்பாட்டைத் தானே செய்தான். தம்பிரான் தோழர் என்ற பெயருக்கேற்ப, தோழனிடம் ஒப்படைத்த பொருளையும் கணக்குப் பார்த்து வாங்குகிற உரிமை சுந்தரருக்கு இருந்தது என்று உரைகாரர்கள் விளக்கம் தருவதுண்டு. அந்த விளக்கம் சரியானதே எனினும், அதைவிட எளிய ஓர் உண்மை இக்கதைக்குள் இருக்கிறது. முழு நம்பிக்கையும் முழு முன்னேற்பாடும் ஒரே மனிதரிடத்தில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதும், ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடுவதில்லை என்பதும்தான் அந்த உண்மை. பின்னொரு காலத்தில் சேர மன்னரான சேரமான் பெருமாள் அளித்த செல்வத்தோடு சுந்தரர் கொங்குநாட்டு வழியே திரும்பியபோது, திருமுருகன்பூண்டிக்கு அருகில் சிவபூதங்களே வேடர் வடிவில் வந்து அச்செல்வத்தைப் பறித்துக்கொண்டதாகவும், அவர் பாடியபின் திருப்பித் தந்ததாகவும் பெரியபுராணம் கூறுவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதுகுன்றத்தில் வழிப்பறியைப் பற்றி அவர் அஞ்சியது வீணான அச்சம் அன்று என்பதை இறைவனே மெய்ப்பித்துக் காட்டியதுபோல இந்த நிகழ்ச்சி அமைந்திருக்கிறது.

இன்னும் நுட்பமான சான்று திருக்கச்சூரில் கிடைக்கிறது. அங்கே சுந்தரர் நண்பகலில் பசியோடு கோயில் வாயிலருகே இருந்தார். அவருக்கு உணவு ஆக்கித் தரும் பரிசனங்கள், அதாவது உடன்வரும் ஏவலர்கள், வந்துசேரவில்லை. அப்போது இறைவனே அந்தணர் வடிவில் வீடுவீடாகச் சென்று சோறு இரந்து கொண்டுவந்து கொடுத்தார் என்பது அவ்வூர் வரலாறு. பரிசனங்கள் வரவில்லை என்று சேக்கிழார் சொல்வதிலிருந்து, சுந்தரர் எப்போதும் ஆக்குவோரையும் அதற்கான பொருளையும் ஏற்பாடு செய்துகொண்டே பயணம் செய்தவர் என்பது தெரிகிறது. ஏற்பாடு இருந்தது, அது அன்று தவறிற்று, தவறிய இடத்தில் அருள் வந்து நின்றது. ஏற்பாடு செய்ததற்காக அருள் விலகியிருக்கவும் இல்லை, அருள் வரும் என்பதற்காக ஏற்பாடு கைவிடப்பட்டிருக்கவும் இல்லை.

திருநாவுக்கரசரின் வரலாறு வேறு வகையானது. அவர் கையில் இருந்தது உழவாரம் ஒன்றே; கோயில் முற்றத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்குவதற்கான அந்தக் கருவியைத் தவிர அவர் வழிக்கென்று எதையும் சுமந்ததாகத் தெரியவில்லை. வேப்பூர் வழியாகத் தெற்கே செல்லும் இதே நெடுஞ்சாலை சென்றுசேரும் திருச்சிக்கு அருகில் திருப்பைஞ்ஞீலி என்ற தலம் உள்ளது. அங்கே செல்லும் வழியில் பசியும் நீர்வேட்கையும் வருத்த அவர் நடந்துகொண்டிருந்தபோது, இறைவன் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, பொதிசோற்றை வைத்துக்கொண்டு அந்தணர் வடிவில் காத்திருந்து, அவரை உண்ணச் செய்து, ஊர்வரை உடன்வந்து மறைந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. பொதிசோறு என்பது இலையில் பொதிந்து கட்டிய சோறு. இன்றைய வழக்கில் கட்டுச்சோறு. அத்தலத்தில் சோற்றுடை ஈசுவரர் என்ற பெயரில் ஒரு சந்நிதியே உண்டு. இந்தக் கதை பெரும்பாலும் எதையும் கொண்டுசெல்லாதவருக்கும் உணவு வந்துசேரும் என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. அதைச் சற்று மறுபக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவது மற்றொன்று: வழியில் காத்திருந்த இறைவன் வெறுங்கையோடு காத்திருக்கவில்லை. பசித்து வரப்போகிறவர் ஒருவரை முன்னதாகவே எண்ணி, சோற்றைப் பொதிந்து கட்டி, நிழலையும் நீரையும் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். அற்புதத்தின் வடிவமே முன்னேற்பாட்டின் வடிவமாக இருக்கிறது. மூட்டை கட்டுவதைக் கீழான உலகியல் செயலாகக் கருதுவோர் இந்த இடத்தைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள்.

துறவு நெறிகள் இதை ஏற்காமல் எதிர்வாதம் செய்யக்கூடும் என்பது உண்மையே. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு மதுரைக்குப் புறப்படும்போது உடன்வந்த கவுந்தியடிகள் எடுத்துக்கொண்டவை பிச்சைப் பாத்திரமும், தோள்மேல் இடும் துணியும், மயிற்பீலியும் மட்டுமே. பீலி என்பது நடக்கும் வழியில் உள்ள சிற்றுயிர்களை மிதித்துவிடாமல் மெல்ல விலக்குவதற்காகச் சமணத் துறவிகள் கையில் வைத்திருப்பது. பௌத்தத் துறவிக்கு மூன்று ஆடைகள், திருவோடு, இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர்வடிகட்டி என எட்டுப் பொருள்களே உடைமையாகச் சொல்லப்பட்டன. இப்பட்டியல்கள் குறுகியவைதான். ஆயினும் அவையும் பட்டியல்களே என்பதும், எதை எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணி வகுத்த விதிகளே என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மேலும், பீலியும் நீர்வடிகட்டியும் பிற உயிர்களைக் காப்பதற்காகச் சுமக்கப்படுபவை. உழவாரமும் அத்தகையதே, பிறர் காலில் முள் தைக்காமல் இருப்பதற்காக ஒருவர் சுமந்த கருவி அது. மிகக் குறைவாகச் சுமந்தவர்களும் பிறருக்கானதைக் கைவிடவில்லை.

மலைபடுகடாம் என்ற சங்க நூல் துறவிகளைப் பற்றியது அன்று எனினும் இங்கே ஒரு சொல் சொல்லத்தக்கது. அது ஓர் ஆற்றுப்படை. ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்று வரும் கலைஞர் ஒருவர் வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞர்களுக்கு வள்ளலின் ஊரையும் அங்கே செல்லும் வழியையும் எடுத்துச் சொல்லும் இலக்கிய வகை. செங்கண்மாத்து நன்னனிடம் செல்லும் கூத்தர்களைப் பாடும் இந்நூலின் தொடக்கத்தில் அவர்கள் தங்கள் முழவையும் கொம்பையும் தூம்பையும் குழலையும் பைகளில் இட்டுக் கட்டிச் சுமந்து செல்வது விரிவாகச் சொல்லப்படுகிறது. உணவு எங்கெங்கே கிடைக்கும், எந்த ஊரார் உறவினரைப் போல வரவேற்பார்கள், எந்த இடத்தில் எச்சரிக்கையாக நடக்க வேண்டும் என்பனவற்றை வழிகாட்டுபவன் சொல்கிறான். கருவிகளைத் தாம் சுமக்க வேண்டும், சோற்றை வழியிலுள்ளோர் தருவர் என்ற இந்த ஏற்பாட்டில், பழமொழி நானூறு சொல்லும் ஆற்றுணா வேண்டாத நிலைக்கு உரிய நிபந்தனை விளங்குகிறது. ஒருவர் சோறு கட்டாமல் புறப்படுவதற்கு, வேறொருவர் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிவதும், மூட்டையின்றி வருவோருக்காக யாரோ ஒருவர் இடைவிடாமல் முன்னேற்பாடு செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதால்தான்.

இந்த நிபந்தனையை மறந்தவர்களைப் பற்றி இஸ்லாமிய மரபு வெளிப்படையாகப் பேசுகிறது. இறைவனையே சார்ந்திருக்கிறோம் என்று சொல்லி வழியுணவு எதுவும் இல்லாமல் ஹஜ் பயணத்துக்கு வந்து, மக்காவை அடைந்ததும் பிறரிடம் இரந்து நின்ற ஏமன் நாட்டினரை முன்னிட்டே, வழிக்கான பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், எனினும் மிகச் சிறந்த வழிப்பொருள் இறையச்சமே என்ற திருக்குர்ஆன் கட்டளை அருளப்பட்டதாக உரையாசிரியர்கள் கூறுகிறார்கள். தவக்குல் எனப்படும் இறைச்சார்பு பிறர் தோளில் ஏறி அமர்வதற்கான அனுமதி ஆகாது என்பது இதன் தெளிவான பொருள். விவிலியத்தின் லூக்கா நற்செய்தியில், பையும் பணமும் எடுத்துக்கொள்ளாமல் செல்லுமாறு சீடர்களை முதலில் அனுப்பிய இயேசு, தம் கடைசி இரவில் அதை நினைவூட்டி, இனிப் பையுள்ளவர் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்வதாக வருகிறது; வரவேற்பார் உள்ள காலத்துக்கு ஒரு நெறியும் பகை சூழ்ந்த காலத்துக்கு ஒரு நெறியும் என்று அதைக் கொள்ளலாம். வைணவத்தில் தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையாரும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையாரும் சரணாகதிக்கு உவமையாக்கிய நெடிய விவாதமும் இதே வினாவின் வேறொரு வடிவமே. அந்த உவமைகள் உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள தொடர்பை அழகாக விளக்குகின்றன. ஆனால் அவற்றில் வழியில் எதிர்ப்படும் மூன்றாமவர் இல்லை. பயணத்தில் அவர் எப்போதும் இருக்கிறார்.

மூட்டை கட்டுவதையே வழிபாடாக ஆக்கிக்கொண்ட மரபு தமிழரிடையே பெருவழக்காக இருக்கிறது. சபரிமலைக்குச் செல்வோர் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தொரு நாள், நோன்பிருந்து தலையில் ஏற்றும் இருமுடி இரண்டு அறைகள் உள்ள துணிப்பை. முன்முடியில் இறைவனுக்குரிய பொருள்கள் இருக்கும். அவற்றுள் தலையாயது நெய்த்தேங்காய். பின்முடியில் செல்பவரின் வழியுணவுக்கான பொருள்கள் இருக்கும். கட்டுநிறை எனப்படும் சடங்கில் குருசாமி முன்னிருக்க, இளநீரை வடித்து உலர்த்திய தேங்காயின் கண் வழியே நெய்யை ஊற்றி அடைத்து முன்முடியில் வைப்பார்கள். வீட்டாரும் உறவினரும் ஒவ்வொருவராக வந்து கைப்பிடி அரிசியை அள்ளி இடுவார்கள். ஒருவர் சுமந்து செல்லும் மூட்டையில் அவர் வீட்டுப் பெரியவரின் கையும் குழந்தையின் கையும் இட்ட அரிசி கலந்துவிடுகிறது. அதைத் தலையில் ஏற்றுவதும் இறக்குவதும் குருசாமியின் கை. போய்வருகிறேன் என்று விடைபெறாமலும் திரும்பிப் பாராமலும் புறப்பட வேண்டும் என்பது வழக்கம். இருமுடி இல்லாதவர் பதினெட்டாம் படியில் ஏற முடியாது.

இந்த அமைப்பில் பொதிந்துள்ள சிந்தனை மிக ஆழமானது. கடவுளுக்கானது ஒரு மூட்டை, தனக்கானது வேறொரு மூட்டை என்று பிரித்து, ஒன்றைப் புனிதம் என்றும் மற்றதைத் தவிர்க்க முடியாத குறை என்றும் வைக்காமல், இரண்டையும் ஒரே துணியில் தைத்து ஒரே தலையில் ஏற்றிவிட்டார்கள். பசிக்கும் உடம்பும் பக்தியும் ஒன்றுக்கொன்று எடையாக நின்று சுமையைச் சமன்படுத்துகின்றன. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகக் காட்டில் நடக்கும் பெருவழியில், இரவில் தங்குமிடத்தில் துணியை விரித்து அடுப்பு மூட்டி ஆக்கி உண்ணுவார்கள். இவ்வாறு தங்கும் இடத்துக்கு விரி என்றே பெயர். பின்முடியின் சுமை வழியில் உண்ண உண்ணக் குறைந்துவிடும். முன்முடியின் சுமை சந்நிதியில் தீரும். நெய் அபிடேகத்துக்குப் போக, வெற்று ஓடு ஆழி எனப்படும் தீக்குண்டத்தில் இடப்படுகிறது. நெய்யை உயிராகவும் ஓட்டை உடம்பாகவும் கொண்டு அடியார்கள் இதற்குப் பொருள் சொல்வார்கள். அழுதை ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துச் சென்று கல்லிடும் குன்றில் போட்டுவிட்டு நடப்பதும் இந்தப் பெருவழியின் சடங்கு. எதற்கும் பயன்படாத ஒரு கல்லைச் சிறிது தொலைவு வேண்டுமென்றே சுமந்து, உரிய இடம் வந்ததும் இறக்கிவிடும் அந்தச் செயல், சுமப்பதற்கும் இறக்குவதற்கும் உடம்புக்கே ஒரு பாடம் சொல்லித் தருகிறது. இருமுடி ஆகவே நம்பிக்கைக் குறைவின் அடையாளம் ஆகாது. எதை எங்கே இறக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்து கட்டப்பட்ட சுமை அது.

தமிழ்நாட்டுப் பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை இன்னும் சில இடங்களில் காணலாம். இரண்டு கல்தூண்களை நட்டு, அவற்றின் மேல் தோளுயரத்தில் ஒரு கற்பலகையைப் படுக்கவைத்த எளிய அமைப்பு அது. தலைச்சுமையோடு தனியே நடந்து வருபவர் பிறர் துணையின்றி அதன்மேல் சுமையை இறக்கிவைத்து, இளைப்பாறி, மீண்டும் தாமே தலையில் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகவே இக்கற்களைப் பெரும்பாலும் நட்டார்கள். இறக்கிவைக்க முடியாமல் போன ஒரு சுமையின் துயரத்தை, முன்பின் அறியாத வழிப்போக்கர்கள் எல்லாரும் தங்கள் சுமையை இறக்கிவைக்கும் இடமாக மாற்றிய அந்த மனிதர்களின் சமய அறிவு, பெரிய தத்துவ நூல்கள் எவற்றுக்கும் குறைந்தது அன்று. சுமை இருக்கத்தான் செய்யும் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதைத் துறக்கச் சொல்லாமல், இறக்க இடம் செய்தார்கள். சாலைகள் அகலமானபோது இக்கற்களில் பல காணாமற்போனது பேரிழப்பு.

வண்டியின் கூரையில் எவ்வளவும் ஏற்றலாம் என்ற வசதி வந்தபின், சுமப்பவரின் தலை தாங்குமளவே மூட்டை என்ற பழைய வரம்பு போய்விட்டது. காலால் நடந்தவருக்கு ஒவ்வொரு பொருளும் எடையாகத் தெரிந்தது. இப்போது அந்த எடை சுமப்பவருக்குத் தெரியாமல் தங்கிச் செல்லும் இடத்தின் மேல் விழுகிறது. ஞெகிழிப் பைகளும் புட்டிகளும் சபரிமலைக் காட்டில் குவிந்து, இருமுடியிலும் அவற்றைக் கொண்டுவரக் கூடாது என்று விதிக்க வேண்டிய நிலை வந்தது இதனால்தான். கல்வராயன் மலையின் அருவிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவோருக்கும் இந்த விதி பொருந்தும். தன் வழியுணவின் குப்பையை அடுத்து வருபவரின் வழியில் விட்டுச்செல்வது, சோறு கட்டாமல் வந்து பிறரிடம் இரந்து நிற்பதைவிடக் கடுமையான பிழை. இரப்பவருக்கு மறுக்கவேனும் எதிரிலிருப்பவருக்கு உரிமை உண்டு.

வேப்பூர்க் கூட்டுரோட்டைக் கடந்து கோயிலுக்கோ மலைக்கோ கடலுக்கோ புறப்படுகிறவர்கள் மூட்டை கட்டுவதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அரிசி, அடுப்பு, விளக்கு, போர்வை, மருந்து, குடிநீர் எல்லாவற்றையும் கவனமாக எடுத்துவைக்கட்டும். கட்டி முடிக்கும் முன், திருப்பைஞ்ஞீலி வழியில் பொதிசோற்றோடு காத்திருந்தவனை நினைத்து, இன்னார் என்று தெரியாத ஒருவருக்காக இன்னும் ஒரு பொதி கட்டிக்கொள்ளட்டும்.